வீட்டு ஷெட்டில் கார் லிப்ட்: முதலில் தரையைப் பாருங்கள்

கேள்வி இதுதான். கோவைக்குப் பக்கத்தில் சொந்த வீடு. பின்னால் 16-க்கு 24 அடியில் ஒரு ஷெட், ஷீட் கூரை, முன்பக்கம் 12 அடி, பின்பக்கம் 10 அடி உயரம். அதில் ஒரு பழைய அம்பாசடரைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. வீட்டில் ஒரு ஸ்விஃப்ட், அண்ணனிடம் ஒரு ஸ்கார்ப்பியோ. தரையில் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது. இரண்டு தூணும் அவற்றிலிருந்து நீளும் கைகளுமாகக் காரைத் தூக்கும் டூ போஸ்ட் லிப்ட் போடலாமா? இருக்கிற தரை தாங்குமா? சிங்கிள் பேஸ் கரண்ட் போதுமா? மூடிவிட்ட ஒர்க்‌ஷாப்பில் மலிவாக ஒரு லிப்ட் வருகிறது, வாங்கலாமா?

போடலாம். வீட்டில் லிப்ட் வைத்துக்கொள்வதை நான் ஆடம்பரமாகவே பார்க்கவில்லை. ஸ்டாண்டில் நிற்கும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கியர்பாக்ஸைக் கழற்றி நெஞ்சில் வாங்குவதைவிட, ஒழுங்காகப் பொருத்திய லிப்டுக்குக் கீழே நின்று கழற்றுவது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் லிப்ட் வாங்கப் போகிறவர்கள் எத்தனை டன், எந்தக் கம்பெனி, என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். காரைத் தூக்குவது இயந்திரம். அந்த இயந்திரத்தைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் தரை. அதனால் தரையிலிருந்து தொடங்குகிறேன்.

தூண் தரையை அழுத்தும், அந்த எடையைத் தரை தாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் பெரிய விஷயமில்லை. கார் உட்கார்ந்திருப்பது இரண்டு தூணுக்கும் நடுவே, கைகளின் நுனியில். ஆகவே ஒவ்வொரு தூணும் காரை நோக்கி உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாயவிடாமல் பிடிப்பவை தூணின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஆங்கர் போல்ட்டுகள், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து இறக்கும் போல்ட்டுகள். தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணனின் ஸ்கார்ப்பியோவை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தூணுக்கு 1 டன். அந்த எடை, தூணின் அடித்தகட்டுக்கு உள்பக்க விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது. வெளிப்பக்க போல்ட்டுகள் அதே விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் இருக்கின்றன. அப்படியானால் அந்த இரண்டு மூன்று போல்ட்டுகளையும் மேல்நோக்கிப் பிடுங்கும் விசை மொத்தம் 2 டன். தூணின் சொந்த எடை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். கான்கிரீட் அமுக்கத்துக்கு நன்றாகத் தாங்கும், இழுவைக்குத் தாங்காது. பலவீனமான கான்கிரீட்டில் போல்ட் உடைவதில்லை, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கூம்பு வடிவத்தில் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

இப்போது நம்மூர் வீட்டுத் தரையை நினைத்துப் பாருங்கள். மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் 40 எம்எம் ஜல்லியில் 1:4:8 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 4 அங்குல பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட், அதற்குமேல் சிமென்ட் பூச்சோ டைல்ஸோ. வீட்டுக்குள் நடக்கவும் கார் நிறுத்தவும் இது போதும். இதில் ஆங்கர் போல்ட் அடிக்கவே கூடாது. கடையில் லிப்ட் விற்பவர் “ஆறு அங்குல போல்ட் போட்டுவிட்டால் நின்றுவிடும்” என்று சொன்னாலும் கேட்காதீர்கள். அமெரிக்க லிப்ட் மேனுவல்களில் குறைந்தபட்சம் 4 அங்குலம் என்று படித்துவிட்டு சிலர் தைரியமாக இறங்கிவிடுகிறார்கள். அங்கே சொல்வது 3000 பிஎஸ்ஐ, அதாவது நம் கான்கிரீட் வலிமைக் கணக்கில் ஏறக்குறைய 21 எம்பிஏ உள்ள கான்கிரீட். நம் 1:4:8 அதற்குப் பக்கத்தில்கூட வராது.

உங்கள் தரை எப்படி என்று தெரிந்துகொள்ள, தூண் வரும் இடத்துக்கு அருகில் ஹேமர் டிரில்லால் ஒரு ஓட்டை போடுங்கள். பிட் எத்தனை அங்குலத்தில் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது என்று பார்த்தால் கனம் தெரிந்துவிடும். வெளியே வரும் தூளையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைசாக, பிட்டை எதிர்த்துக்கொண்டு வந்தால் நல்லது. மணல் மணலாகக் கொட்டினால் முடிவு தெரிந்துவிட்டது. அப்படியே வீட்டைக் கட்டியவரிடம் கேட்டு, கீழே சம்ப்போ, செப்டிக் டேங்கோ, பழைய கிணறோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்பக்க ஷெட்டுகள் சில சமயம் இவற்றில் ஒன்றின்மேல் இருக்கும்.

கோவையைச் சுற்றி செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. உங்கள் இடம் கரிசல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேராகப் போட்ட ஸ்லாப் இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு பக்கம் எழும்பி விரிசல் விடும். இரண்டு தூணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாயும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பி, அடுக்கு அடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலரோ பிளேட் வைப்ரேட்டரோ வைத்து இறுக்கித்தான் மேலே வர வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைப் பார்த்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். இந்தத் திட்டத்தில் கூலி கொடுத்து வாங்க வேண்டிய யோசனை இது ஒன்றுதான், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஸ்லாப்பைப் பொறுத்தவரை என் கருத்து: இரண்டு தூணும் ஒரே ஸ்லாப்பில் நிற்க வேண்டும். தூணுக்கு ஒன்றாக இரண்டு தனிக் குழி தோண்டி நிரப்புவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்று இறங்கினால் மற்றது கூட வராது. சுமார் 16 அடிக்கு 8 அடி, 8 அங்குல கனம், எம்25 கான்கிரீட், மேலும் கீழும் இரண்டு அடுக்குக் கம்பி வலை என்று இன்ஜினியரிடம் பேச ஆரம்பியுங்கள். எம்25 என்றால் 28 நாளில் 25 எம்பிஏ வலிமை. கையால் கலப்பதானால் 1:1:2. கொத்தனார் பழக்கத்தில் 1:2:4 போடுவார், அது எம்15-தான். மிக்ஸர் மெஷின், வைப்ரேட்டர் இரண்டும் இருக்க வேண்டும், தண்ணீரை அள்ளி ஊற்றக் கூடாது. கம்பி கட்டும்போதே லிப்டின் அடித்தகட்டு அளவில் ஒரு அட்டை வெட்டி, போல்ட் வரும் இடங்களைக் குறித்து, மேல் அடுக்குக் கம்பி அந்த இடங்களில் வராதபடி நகர்த்தி வைத்துவிடுங்கள். பின்னால் டிரில் கம்பியில் முட்டி நிற்கும் தொல்லை மிச்சம். தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று ஷெட்டுக்கு வாட்டம் வைப்பார்கள். தூண் நிற்கும் இடத்தில் மட்டும் வாட்டம் வேண்டாம். அப்புறம், 28 நாள் காத்திருங்கள். முதல் இரண்டு வாரமாவது சாக்குப் போட்டோ பாத்தி கட்டியோ தண்ணீர் நிற்க வேண்டும். லிப்ட் வந்து இறங்கிவிட்டது என்பதற்காகப் பத்தாவது நாளில் போல்ட் அடிக்காதீர்கள்.

அடுத்தது கூரை. சாதாரண டூ போஸ்ட் லிப்ட் காரை ஏறக்குறைய 1.8 மீட்டர் தூக்கும். அம்பாசடரின் உயரம் 1.6 மீட்டர், கூட்டினால் 3.4 மீட்டர், 11 அடிக்குச் சற்று மேல். ஸ்விஃப்ட் ஒன்றரை மீட்டர், பிரச்சினை இல்லை. ஸ்கார்ப்பியோ கிட்டத்தட்ட 2 மீட்டர். முழுசாகத் தூக்கினால் பன்னிரண்டரை அடி ஆகிவிடும், உங்கள் முன்பக்க ஷீட்டையே முட்டும். அளக்கும்போது ஷீட்டை அளக்காதீர்கள். ட்ரஸ்ஸின் கீழ்க்கம்பி, தொங்கும் பேன், ட்யூப் லைட், ஷட்டர் உருளை, இவற்றில் எது தாழ்வோ அதுதான் உங்கள் உயரம். கூரை பின்பக்கம் சரிவதால் தூண்களை எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு முன்னால் வையுங்கள். பானெட் திறந்த நிலையில் தூக்க வேண்டியிருந்தால் அதற்கும் இடம் பார்க்க வேண்டும். ஸ்கார்ப்பியோவுக்காகக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. அதை 1.4 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உயரம் அது.

இந்த உயரக் கணக்கே எந்த மாடல் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. டூ போஸ்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கேபிளும் ஹைட்ராலிக் குழாயும் தலைக்கு மேல் ஒரு குறுக்குச் சட்டம் வழியாகப் போகும். தரை சுத்தமாக இருக்கும், ஆனால் மொத்த உயரம் 12 அடியைத் தொடும். இன்னொன்றில் அவை தரையில் ஒரு தகட்டு மூடிக்கு அடியில் போகும். தூண் 9 அடி சொச்சம்தான். உங்கள் ஷெட்டுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். கியர்பாக்ஸ் ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்தத் தகடு தடுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மேலே குறுக்குச் சட்டம் இல்லாததால் தூண்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளாது. சாய்வு முழுவதும் தரை போல்ட்டுகள் தலையில்தான் விழும். மேலே ஸ்லாப்பைப் பற்றி அவ்வளவு நீட்டியது இதற்காகத்தான்.

அகலம் உங்களுக்குப் போதும். வெளி அளவு மூன்றரை மீட்டர் வரும், 16 அடியில் இரண்டு பக்கமும் ஆள் நடக்க வழி கிடைக்கும்.

நாலு தூணுக்கு நடுவே சக்கரங்களோடு காரைத் தாங்கும் ஃபோர் போஸ்ட் லிப்ட் கார்மேல் கார் நிறுத்த நல்லது. சக்கரம் தொங்க வேண்டிய பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு அதன்மேல் தனியாக ஒரு ஜாக் வேண்டும். காருக்கு அடியில் கத்தரிபோல விரிந்து தூக்கும் சிஸர் லிப்ட் தாழ்ந்த கூரைக்கும் டயர், பிரேக் வேலைக்கும் அருமையானது, ஆனால் காரின் நடு வயிற்றை அடைத்துக்கொள்ளும்; அம்பாசடரின் கியர்பாக்ஸையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கழற்ற நினைக்கிறவருக்கு அது உதவாது. குழி வெட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் இறங்கித் தேங்கும். பழைய காரில் பெட்ரோல் கசிவு சகஜம், ஒரு இன்ஸ்பெக்‌ஷன் லேம்ப் உடைந்தால் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடாத குழி இன்னொரு ஆபத்து.

கரண்ட். 4 டன் வரை தூக்கும் லிப்டின் மோட்டார் பொதுவாக 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டில் கிடைக்கிறது, வீட்டு இணைப்பில் ஓடும். போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி, சரியான எர்த்திங். தூரம் அதிகமானால் வயர் இன்னும் தடிமனாக வேண்டும். ஷெட்டுக்கு ஏற்கெனவே இழுத்து வைத்திருக்கும் ப்ளக் பாயிண்டில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால் அந்த நேரத்தில் தூக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே த்ரீ பேஸ் இருந்தால் த்ரீ பேஸ் மோட்டாரே வாங்குங்கள், கெப்பாசிட்டர் தொல்லை இல்லை. கரண்டை முழுவதும் துண்டிக்கும், பூட்டு போடக்கூடிய ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். இவையெல்லாம் சொந்தக் காருக்கு. பணம் வாங்கி வேலை செய்ய ஆரம்பித்தால் வீட்டு இணைப்பு செல்லாது. வணிக இணைப்பு, உள்ளாட்சி லைசென்ஸ் என்று கணக்கே மாறும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. காரை வேண்டிய உயரத்துக்குத் தூக்கியதும் கொஞ்சம் இறக்கி, தூணில் உள்ள இரும்புப் பூட்டான மெக்கானிக்கல் லாக்கில் உட்கார வைக்க வேண்டும். எடை லாக்கில் இருக்க வேண்டும், ஆயிலில் இல்லை. இது விட்டுக்கொடுக்கவே முடியாத விதி. ஆனால் லாக்கிலிருந்து விடுவிக்க முதலில் ஒரு அங்குலம் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். கரண்ட் இல்லையென்றால் கார் மேலேயே நிற்கும். பத்திரமாக நிற்கும்; ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் உதவும் வண்டி எப்போதும் கீழேயே இருக்கட்டும். கையால் அடிக்கும் பம்ப்பும் உள்ள பவர் பேக் (மோட்டாரும் ஆயில் பம்ப்பும் சேர்ந்த பகுதி) கிடைத்தால் இன்னும் நல்லது.

பொருத்தும் வேலையைக் கம்பெனி ஆட்களே செய்தாலும் கூட நில்லுங்கள். தரையில் சாக்பீஸ் நூல் அடித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளக்கச் சொல்லுங்கள். தூண் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோ; செயின் பிளாக் இல்லாமல் நாலு பேர் கையால் நிமிர்த்துவதை அனுமதிக்காதீர்கள். டிரில் செங்குத்தாக இறங்க வேண்டும். ஓட்டையில் உள்ள தூளை புளோயரால் முழுவதும் ஊதி எடுக்க வேண்டும், தூள் இருந்தால் போல்ட்டின் பிடி குறைந்துவிடும். ஸ்லாப் ஓரத்திலிருந்தும் ஜாயின்டிலிருந்தும் மேனுவல் சொல்லும் தூரம், குறைந்தது 6 அங்குலம், விட வேண்டும். தூக்குக்குண்டு வைத்துத் தூணை நேர் பார்த்து, அடியில் தகடு வைத்து பேக்கிங் கொடுக்கலாம். அரை அங்குலத்துக்கு மேல் பேக்கிங் தேவைப்பட்டால் தரையைத்தான் சரிசெய்ய வேண்டும். நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே போய் அந்த அளவுக்கு வராத போல்ட் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வேலை நிற்க வேண்டும். ஐந்தில் நாலு பிடித்திருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள், ஏற்காதீர்கள்.

ஆயில் ஊற்றியதும் கார் இல்லாமல் பல முறை மேலும் கீழும் ஓட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இரண்டு பக்கத்து லாக்கும் ஒரே நேரத்தில் டக் டக்கென்று விழும் வரை கேபிளைச் சரிசெய்ய வேண்டும். முதல் காராக ஸ்விஃப்டை ஏற்றுங்கள். ஒரு அடி தூக்கி, இறக்கி, நட்டுகளை மறுபடி பாருங்கள். ஒரு வாரம் கழித்தும், பிறகு மாதம் ஒருமுறையும் டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும்.

காரை ஏற்றும் முறையில் உங்கள் மூன்று வண்டியும் மூன்று விதம். ஸ்விஃப்டுக்குத் தனி சேசிஸ், அதாவது பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே, ஜாக் வைக்கக் குறித்திருக்கும் மடிப்பில்தான் ரப்பர் பேட் உட்கார வேண்டும். எடை முன்பக்கம் அதிகம், அதனால் முன் சீட் ஏறக்குறைய தூணுக்கு நேராக வரும். ஸ்கார்ப்பியோவுக்கு சேசிஸ் சட்டத்தில் கொடுக்க வேண்டும். சைடு ஸ்டெப் இடிக்காமல் இருக்க பேட்டுக்கு அடியில் வைக்கும் உயர அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அம்பாசடர்தான் கவலை. அதுவும் தனி சேசிஸ் இல்லாத வண்டி. உற்பத்தி நின்றதே 2014-இல். உங்களுடையது அதற்கும் பழசு. கதவுக்குக் கீழுள்ள சில் உள்ளே துருப்பிடித்திருக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெடுகத் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக இருக்கிற இடத்தில் பேட் வைத்தால் தகடு அப்பளம்போல நொறுங்கி வண்டி சரியும். முதலில் தகடு மாற்றி வெல்டிங் முடியட்டும், பிறகு லிப்டில் ஏறட்டும்.

எந்த வண்டியானாலும் சக்கரம் தரையை விட்டு நாலு அங்குலம் எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கைகளின் பல்லுப் பூட்டு நான்கும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை இறக்கும்போது இன்னொன்று கவனம்: முன்பக்கத்து எடை போனதும் வண்டி பின்பக்கம் கவிழப் பார்க்கும். இறக்குவதற்கு முன்பே பின்னால் உயரமான ஸ்டாண்டு கொடுத்துவிட வேண்டும், கூடவே பட்டை போட்டுக் கட்டிவிடவும் வேண்டும்.

கடைசியாக அந்தப் பழைய லிப்ட். புதிதாக வாங்கினால் வாகன லிப்டுகளுக்கான ஐரோப்பாவின் ஈஎன் 1493 தரமோ அமெரிக்க ஏஎல்ஐ சான்றோ இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஊரிலேயே ஏடிஎஸ் எல்ஜி போன்ற தயாரிப்பாளர் இருப்பதால் ஸ்பேருக்கும் ஆளுக்கும் அலைய வேண்டியதில்லை, இது விலையைவிடப் பெரிய வசதி. பழையது வாங்குவதானால், முதல் நிபந்தனை: பிரித்து வைத்ததைப் பார்த்து வாங்காதீர்கள். நின்ற இடத்தில், காரை ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதி உயரத்தில் லாக் இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் சிலிண்டர் சீல் கசிகிறதா என்று தெரியும். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றியாக வேண்டும், துணியைச் சுற்றி இழுத்துப் பார்த்தால் அறுந்த இழை துணியில் மாட்டும். கைகளின் மூட்டு ஆணியில் ஆட்டம், தூணின் அடி வெல்டிங்கில் பெயின்ட் விரிசல், பிறகு யாரோ போட்ட கூடுதல் வெல்டிங், இவற்றைப் பாருங்கள். கூடுதல் வெல்டிங் இருந்தால் பேரமே வேண்டாம். ஹைட்ராலிக் இல்லாமல் ஸ்க்ரூ டைப்பாக இருந்தால், எடை தாங்கும் நட்டுக்கும் அதன் கீழுள்ள சேஃப்டி நட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கேளுங்கள். அது எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மெயின் நட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேனுவலும் பெயர்த் தகடும் இல்லாத லிப்டுக்கு போல்ட் அளவும் தெரியாது, ஸ்பேரும் கிடைக்காது. பழைய ஆங்கர் போல்ட்டுகளை இலவசமாகத் தருவார்கள். அவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.